டெண்டினைட்டிஸ், டெண்டினோபதி: தமிழ்ல என்னன்னு சொல்றது?

முழங்கையோட வெளிப்பக்க எலும்பு மேட்டுல வலி, தண்ணி நிறைஞ்ச ஜக்கைத் தூக்கினா சுரீர்ங்குது, ஈரத்துணியைப் பிழிய முடியலன்னு போய் நின்னா சீட்டுல ‘டென்னிஸ் எல்போ’ன்னு எழுதிக் குடுத்துடறாங்க. நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லைங்க, எனக்கு வந்தது கம்பியில தொங்கி உடம்பை மேல இழுக்கிற புல்-அப்ஸ் புண்ணியத்துல. இது வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க டென்னிஸ் ஆடாதவங்கதான். 1873ல ரூங்கேங்கிற ஜெர்மன் டாக்டர் இதைப் பத்தி முதல்ல எழுதினப்போ, பேனா பிடிச்சு எழுதறவங்களுக்கு வர்ற கைவலியாத்தான் சொன்னார், டென்னிஸ் பேரு அதுக்கப்புறம் ஒட்டிக்கிட்டது.

இதுல வலிக்கிறது முழங்கைல இருக்கிற ஒரு டெண்டன். சரி, டெண்டன்னா என்ன? லத்தீன்ல ‘டெண்டெரே’ன்னா இழு, விறைப்பா நீட்டுன்னு அர்த்தம், தசையை எலும்போட கட்டியிருக்கிற கயிறு அது. தமிழ்ல தசைநாண். வில்லுல ஏத்துற அதே நாண்தான், அரைஞாண்ல இருக்கிற ஞாணும் இதோட இன்னொரு உருவம். இழுபடறதுக்கே இருக்கிற பொருள்ங்கிறது பேர்லயே இருக்கு, அருமையான வார்த்தை. ஆனா நிறையப் பேரு தசைநார்னு எழுதறாங்க, எலும்பையும் எலும்பையும் சேர்க்கிற லிகமெண்டுக்கும் அதையே போடறாங்க, கடைசில படிக்கிறவனுக்கு எது அடிபட்டதுன்னே புரியாது.

டெண்டினைட்டிஸ்ல பின்னாடி வர்ற ‘ஐட்டிஸ்’தான் வில்லங்கம். அதுக்குத் தமிழ் அழற்சி, அழல்னா நெருப்பு. தசைநாண் அழற்சின்னு கேட்டதும் நானும் தீயை அணைக்கிற மாதிரி ஐஸ் வெச்சு, மாத்திரை போட்டு, ரெண்டு மாசம் கையை அசைக்காம வெச்சிருந்தேன், திரும்ப கம்பியில தொங்கின முதல் நாளே வலி வந்து உக்காந்துடுச்சு. 1979ல நிர்ஷல், பெட்ரோன்னு ரெண்டு சர்ஜன்கள் ஆபரேஷன்ல எடுத்த திசுவைப் பார்த்து எழுதினதுல, அழற்சி செல்களை விட ஒழுங்கு கலைஞ்ச, சரியா ஆறாத நார்கள்தான் முக்கியமா இருந்துச்சு. ஆரம்பத்துல கொஞ்சம் அழற்சி இருக்கலாம், ஆனா மாசக்கணக்கா இழுக்கிற வலி வேற சமாச்சாரம், அதனாலதான் இப்போ டெண்டினோபதிங்கறாங்க. ‘பேத்தோஸ்’னா கிரேக்கத்துல துன்பம், நோவு. நேரா தசைநாண் நோய்னு சொல்லலாம், நான் தசைநாண் நலிவுன்னு சொல்லுவேன், ஏன்னா நலிஞ்சதைத் தேத்தணும்னு உடனே தோணும் பாருங்க.

தேத்தறதுன்னா பாரம் குடுக்கறது. முன்கையை மேசைல வெச்சு, உள்ளங்கை கீழ பார்க்க மணிக்கட்டு விளிம்புக்கு வெளிய நீட்டி, கைல ஒரு கிலோ டம்பெல், மத்த கையால மேல தூக்கிவிட்டு வலிக்கிற கையால மட்டும் மூணு நாலு செகண்டு எடுத்து மெதுவா இறக்கணும். லேசா வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலைல வலி கூடியிருந்தா எடையைக் குறைங்க. ஸ்டெராய்டு ஊசி போட்டா சில வாரம் சொர்க்கம், ஆனா ஒரு வருஷக் கணக்குல பார்த்தா போடாதவங்களை விட மோசமா இருக்கிறதா ஆய்வுகள் சொல்லுது. எனக்குச் சரியாக எட்டு மாசம் ஆச்சு.

இதே வலி முழங்கையோட உள்பக்கம் வந்தா ‘கோல்ஃபர்ஸ் எல்போ’வாம். கோல்ஃபும் நமக்கு ஆகாது, வெளிமுட்டி நலிவு, உள்முட்டி நலிவுன்னு சொல்லிட்டுப் போயிடறேன்.