பீரங்கிக்குத் தண்ணீர் எதற்கு?

சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் இரண்டு பழைய பீரங்கிகள் நிற்கின்றன. 9 பவுண்டு, அதாவது சுமார் 4 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டைச் சுடும் வகை. அந்தப் பக்கம் போனால் நான் முதலில் தேடுவது பின்புறம் மேலே இருக்கும் பற்றவைக்கும் துளையைத்தான். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஆயுதங்கள் மீது சிறுவயதிலிருந்தே எனக்கு அப்படியொரு பித்து. பட்டாசுக்கே 1972இல் தடை வந்துவிட்ட ஊரில் இவற்றைச் சுட்டுப் பார்க்க முடியாதுதான். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், இவை வேலை செய்யும் விதம் முழுவதும் விளங்கிவிடும்: வெடிமருந்துக்குப் பக்கத்திலேயே வாளித் தண்ணீரை ஏன் வைத்திருந்தார்கள்?

இவற்றில் போட்ட பழைய வெடிமருந்துக்குக் கருமருந்து என்று பெயர். அதில் எடைக்கு முக்கால் பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். மீதி கரியும் கந்தகமும். கரிதான் எரிபொருள். அது எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது; அதனால் அடைத்த குழலுக்குள்ளும் மருந்து எரியும். கந்தகம் இருப்பதால் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். கரி எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் வில்லோ மரக் கரியைத் தேடினார்கள்; இந்தியாவில் துவரைத் தண்டின் கரியும் பயன்பட்டது. சாம்பாருக்குப் பருப்பு தரும் அதே துவரைதான்.

மூன்றையும் மாவாகக் கலந்தால் மட்டும் போதாது. மாவு இறுகிப்போனால் தீ உள்ளே புக இடமில்லை; ஒரு நாள் மந்தமாக எரியும், இன்னொரு நாள் வேகமாக எரியும். அப்புறம்தான், ஈரப்படுத்தி, அழுத்தி, உடைத்துக் குருணையாக்கும் முறை வந்தது. குருணைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தீ பாய்ந்து எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றவைக்கிறது. பிறகு ஒவ்வொரு குருணையும் வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. அடுப்பில் சுள்ளி சட்டென்று எரிந்து முடிகிறது, கட்டை நின்று எரிகிறது அல்லவா? அதே கணக்குதான். கைத்துப்பாக்கிக்குப் பொடிக் குருணை, பீரங்கிக்குப் பருங்குருணை. பீரங்கியில் பொடிக் குருணையைப் போட்டால், குண்டு நகரத் தொடங்குவதற்குள் அழுத்தம் எகிறிக் குழலே பிளந்துவிடக்கூடும்.

சரி, எரிந்த மருந்து என்ன ஆகிறது? எல்லாம் வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது என்றுதான் தோன்றும். 1870களில் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபெலும் கெட்டியான எஃகுக் கலத்துக்குள் மருந்தை எரித்து அளந்து பார்த்தார்கள். எடையில் ஏறக்குறைய 43 விழுக்காடுதான் வாயு. மீதி 57 விழுக்காடு, ஆறியதும் திடப்பொருளாகிவிடுகிறது. பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். இந்த ஆயுதங்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த எண்கள் இவை. போர்க்களத்தையே மறைத்த அந்த வெள்ளைப் புகை வெறும் வாயு அல்ல, நுண்ணிய உப்புத்தூள். 1884இல் பிரான்சின் போல் வியேய் உருவாக்கிய புகை குறைந்த மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். புகை மறைந்ததன் காரணமும் அதுவே.

வெளியே போகாத உப்பு குழலின் உட்சுவரில் கரும்பசையாகப் படிகிறது. மருந்தைத் துணிப் பையில் கட்டித்தான் உள்ளே இறக்குவார்கள்; அந்தப் பையின் எச்சம் உள்ளே கனன்றுகொண்டிருக்கவும் கூடும். அதன் மேல் அடுத்த பையை இறக்கினால், அதைத் தள்ளும் கோலைப் பிடித்து நிற்பவரின் கை போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும், நனைத்த ஆட்டுத்தோல் சுற்றிய கோலை அடிவரை விட்டுத் துடைத்தார்கள். அந்த நேரம் முழுவதும் இன்னொருவர், தோலுறை போட்ட கட்டைவிரலால் பற்றவைக்கும் துளையை அழுத்தி மூடியிருப்பார். துளை திறந்திருந்தால் உள்ளே காற்றோட்டம் உண்டாகி, கங்கு மறுபடி உயிர்பெறும். துடைத்து முடிந்ததும் கம்பளித்துணிப் பையில் மருந்து, அதை ஒட்டிக் குண்டு. துளைவழியாக ஊசியால் பையைக் குத்தி, பற்றுமருந்து தூவி, திரி வைக்க வேண்டியதுதான்.

தண்ணீரின் வேலை அத்தோடு முடியவில்லை. படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். கழுவாமல் விட்ட இரும்பு மறுநாளே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே கருமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கும் வெளிநாட்டு ஆர்வலர்கள் இன்றும் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். வெந்நீர் என்றால் இரும்பும் சூடேறிச் சீக்கிரம் காய்ந்துவிடும். பிறகுதான் எண்ணெய். கழுவாமல் எண்ணெயை மட்டும் தடவி வைத்தால், அதன் அடியில் இருந்தபடியே உப்பு இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.