நடுகல் கிடைத்துவிட்டதா? முதலில் சாக்பீஸைக் கீழே வையுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஏரிக்கரையிலோ வரப்போரத்திலோ ஆள் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்று சாய்ந்து நிற்கும். கையில் வாளோ வில்லோ இருக்கும், இடுப்பில் குறுவாள் இருக்கும், கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஊரார் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். இறந்த வீரனின் நினைவாக நட்ட இப்படிப்பட்ட நடுகற்களைத் தேடிப்போய்ப் படமெடுத்துப் போடும் ஆர்வலர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய கல் பல இடங்களில் கெடத் தொடங்குவது, அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்துதான்.

இது புதிய கவலை இல்லை. உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் உரசித் தலை சிதைந்த ஒரு நடுகல்லை அகநானூற்றின் 343ஆம் பாடல் காட்டுகிறது. கூரிய உளியால் வெட்டிய எழுத்துகளில் கோடுகள் மறைந்துபோக, அந்த வழியில் போகிறவர்கள் அதை வேறு பொருள்படப் படிக்கிறார்கள். கல்வெட்டைப் படிப்பவர்களுக்கு இன்றும் உள்ள தலைவலி இதேதான். அன்று சக்கரம் செய்ததை இன்று சாக்பீஸும் எனாமல் பெயிண்டும் செய்கின்றன.

யாருக்கு எடுத்த கல்?

வீரன் என்றதும் குதிரைமேல் வரும் அரசன் நினைவுக்கு வருவதால்தான், கண்ட கல்லையெல்லாம் ‘சோழ மன்னன் சிலை’ என்று செய்தியாக்கிவிடுகிறார்கள். நடுகல் பெரும்பாலும் அரசனுக்கு எடுத்தது அல்ல. மாடு கவர வந்தவர்களோடு மோதி இறந்தவன், கவரப் போய் இறந்தவன், ஊரைக் காத்து நின்றவன், புலியையோ பன்றியையோ குத்தி அதனாலேயே மாண்டவன் ஆகியோருக்கு எடுத்தவையே மிகுதி. அரசன் பெயர் அந்தக் கல்லில் காலக்கணக்குக்காக மட்டும் வரும். இறந்தவன் அவனுக்குக் கீழே ஒரு சிற்றரசனிடமோ ஊர்த்தலைவனிடமோ சேவகம் செய்தவனாக இருப்பான்.

தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஓர் ஊரே கூடிச் செய்த வேலை இது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த மூன்று கற்களில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ‘ஆகோள்’ பூசலைக் குறிக்கிறது. ஆநிரை கவர்தலுக்குத் தொல்காப்பியம் ஆளும் அதே சொல். அந்தக் கற்களில் உருவம் எதுவும் இல்லை, எழுத்து மட்டுமே. ஆகவே ‘உருவம் இல்லை, இது வெறும் பலகைக்கல்’ என்று ஒதுக்கும்முன் ஒருமுறை சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலக் கல்லைப் பார்த்தால் ஒரு நடுகல் எவ்வளவு சொல்லும் என்பது புரியும். மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டோடு தொடங்கி, வாணகோ அரையர், அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார், அவரிடம் இளமகனாக (சேவகனாக) இருந்த கருந்தேவக்கத்தி என்று படிப்படியாக இறங்கி வருகிறது கல்வெட்டு. எருமைகளைக் காக்கப்போய் மாண்டவன் இந்தக் கருந்தேவக்கத்தி. அவனுடைய உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதற்கும் தனியாக ஒரு வாசகம் உண்டு: கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று. நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு, வீரன் என்றால் யார் என்ற கேள்விக்கு அகராதியைவிட இந்தக் கற்களிடம்தான் விடை கேட்கத் தோன்றும்.

எங்கே பார்க்க வேண்டும்

கல்வெட்டு பெரும்பாலும் தலைக்கு மேலேயும் தோளுக்கு இருபுறமும் இருக்கும். இடம் போதாமல் ஓரங்களிலும் கால் அருகிலும் இறங்கியிருக்கும். காலடியில் சிறிய கெண்டியோ சிமிழோ இருக்கிறதா, பின்னால் மாடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றனவா, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலக் கற்கள் சில அடுக்கடுக்காக இருக்கும். கீழே சண்டை, நடுவில் வானமகளிர் அவனை அழைத்துப் போவது, மேலே லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. வளையலணிந்த கை ஒன்று மேலே உயர்ந்திருந்தால் அது சதிக்கல். தன் தலையைத் தானே அரியும் உருவம் இருந்தால் அரிகண்டம், நவகண்டம் என்று சொல்லும் வகை. சூலமோ சக்கரமோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் கோயில் நிலத்தின் எல்லைக்கல்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதிக் கற்களில் வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ‘கோவிசைய’ என்று தொடங்கி, அரசன் பெயர், ‘பருமற்கு’ (வர்மனுக்கு), யாண்டு இத்தனையாவது, தலைவன் பெயர், அவனுடைய சேவகன் பெயர், ‘தொறு’ கொண்டபோது அல்லது மீட்டபோது ‘பட்டான் கல்’. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். இந்த வரிசை மனத்தில் இருந்தால், பாதி தேய்ந்த கல்லிலும் எந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகமென்றே எழுதி வையுங்கள். இந்தக் கற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலவே மயக்கும். புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ஆட்சியாண்டு 9 என்று படித்தீர்கள் என்றால், மகேந்திரவர்மன் ஏறத்தாழ கி.பி. 590இல் ஆட்சிக்கு வந்தான் என்ற கணக்குப்படி கல் 599ஐ ஒட்டியது. முதலில் அந்த அரசன் யார் என்பது உறுதியாக வேண்டும். பெயரின் பாதி தேய்ந்திருக்க, நமக்குப் பிடித்த மன்னனை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் செய்தித்தாள் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

எப்படிக் கெடுக்கிறோம்

சாக்பீஸ்தான் முதல் குற்றவாளி. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பள்ளத்தின் மேல் வெள்ளையாக இழுக்கிறார்கள். தூள் கல்லின் துளைகளில் ஏறிக்கொள்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், நீங்கள் ‘தெ’ என்று நினைத்து இழுத்தால் பிறகு வருகிறவர் யாருக்கும் அங்கே ‘தெ’ தவிர வேறொன்றும் தெரியாது. கல்லின் வெடிப்பும் உளித்தடமும் எழுத்தாகிவிடும். படம் பரவிய பிறகு அந்தப் பிழையைத் துடைப்பது கல்லைத் துடைப்பதைவிடக் கடினம். அரிசி மாவு, மைதா தடவுவதும் அப்படியே. கூடவே எறும்பும் பூஞ்சணமும் வரும்.

எனாமல் பெயிண்ட் அடித்து மீசை, கண் வரைந்துவிட்டால் எழுத்துப் பள்ளம் அடைபடும். உள்ளே நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டோடு சேர்ந்து கல்லின் மேற்பொருக்கும் உரிந்து வரும். சுண்ணாம்பு அடித்திருந்தால் அவ்வளவு பயமில்லை, நாளடைவில் உதிரும். ஏற்கெனவே அடித்த பெயிண்டை நீக்குகிறேன் என்று ஆசிட், கம்பி பிரஷ், மணல் பீய்ச்சும் இயந்திரம் என்று இறங்குபவர்கள் பெயிண்ட் அடித்தவர்களைவிடப் பெரிய கேடு செய்கிறார்கள். அது வேதியியல் பாதுகாப்பு தெரிந்தவர்களின் வேலை. அதுவரை அப்படியே இருக்கட்டும்.

எண்ணெய்க் காப்பு வழிபாட்டில் வருவது. அதைத் தடுக்கப் போய் ஊராரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர்கள் கும்பிட்டதால்தான் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுத்த பிசுக்காகி எழுத்தை மூடிவிடும் என்பதைக் காட்டி, விளக்கை இரண்டடி தள்ளி வைக்கவும், எழுத்துள்ள பகுதியை விட்டு உருவத்துக்கு மட்டும் பொட்டு வைக்கவும் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சிமென்ட் மேடை கட்டுவது நல்லெண்ணத்தில் நடக்கும் நாசம். சாய்ந்த கல்லை நிமிர்த்தி ஒன்றரை அடி கான்கிரீட்டில் புதைக்கும்போது கடைசி இரண்டு வரிகள் உள்ளே போய்விடுகின்றன. இறந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை, அதாவது உதிரப்பட்டியை, குறிக்கும் வரி அந்த இடத்தில்கூட இருந்திருக்கலாம். சிமென்டில் உள்ள உப்பு ஈரத்தோடு மேலேறி வெள்ளையாகப் பூத்து, கல்லின் அடிப்பகுதியைப் பொரியவைக்கும். நிமிர்த்தியே ஆகவேண்டும் என்றால் குழியைச் சுற்றிக் கருங்கல் சல்லியும் மணலும் இட்டுக் கெட்டிப்பதே போதும். அதையும் தொல்லியல் துறையினர் பார்த்த பிறகு செய்யுங்கள்.

படம் எடுக்கும் முறை

வெளிச்சம் கல்முகத்தின்மேல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும். ‘காலை வெயில் நல்லது’ என்று பொதுவாகச் சொல்வது தவறு. கிழக்கு நோக்கிய கல்லில் காலை வெயில் நேராக அறைந்து எல்லா எழுத்தையும் தட்டையாக்கிவிடும். வெயில் முகத்தை விட்டு விலகப்போகும் 11 மணிக்கு மேல் போங்கள். மேற்கு நோக்கிய கல்லுக்கு நண்பகல் தாண்டிய முதல் அரைமணி நேரம். தெற்கு நோக்கியதற்குக் காலையோ மாலையோ, பக்கவாட்டில் வெயில் வரும் நேரம். வடக்கு நோக்கிய கல்லில் ஐப்பசி முதல் மாசி வரை வெயிலே படாது. ஒரு பெரிய முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிடலாம், அல்லது இருட்டிய பிறகு டார்ச் அடிக்கலாம்.

டார்ச் முறையே எனக்கு எல்லாவற்றிலும் நம்பகமானது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒளியைச் சாய்த்து நான்கு படம். ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். எதிரெதிர்ப் பக்க ஒளியில் எடுத்த இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் கோடுதான் பெரும்பாலும் எழுத்து. ஒன்றில் மட்டும் வந்து மறைவது பெரும்பாலும் பொரிவு. இதோடு முழுக்கல், பின்புறம், இரு பக்கங்கள், சுற்றுப்புறம் ஆகியவற்றையும் அளவுகோல் வைத்து எடுங்கள். முப்பரிமாண மாதிரி வேண்டுமானால் ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றில் இரண்டு பங்கு மேற்படியும்படி கல்லைச் சுற்றி வந்து 60, 70 படங்கள் எடுத்தால் போதும்.

படத்துக்கு முன் துடைக்க வேண்டியிருந்தால் தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டுமே. பாசியை அரைமணி நேரம் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் எடுக்கலாம். கல்லோடு ஒட்டி வளர்ந்த சாம்பல் நிறப் பாறைப்பாசியைச் சுரண்டினால் கல்லின் மணிகளும் சேர்ந்து வரும். அதை விட்டுவிடுங்கள்.

மைப்படி பற்றி

மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் பதித்தெடுப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டுச் செய்து பார்க்கிறார்கள். முறை எளிதாகத்தான் தெரியும்: கழுவிய கல்லில் நனைத்த தாளை விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மயிர்ப் பிரஷால் அடித்துக் காற்றை வெளியேற்றி, தாள் எழுத்துப் பள்ளத்தில் இறங்கியதும், பாதி காய்ந்த நிலையில் மை ஒற்றியால் மெல்லத் தட்டுவது. பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். எல்லாத் தவறும் அந்தப் ‘பாதி காய்ந்த’ என்பதில்தான். ஈரம் மிகுந்தால் மை தாளை ஊடுருவிக் கல்லில் கறையாகிவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் எழும்பிக் கோடு இரட்டையாகப் பதியும். ஒற்றியில் மை கூடினால் பள்ளமும் கறுத்துவிடும். தேர்ந்த ஒருவரிடம் வேறொரு சாதாரணக் கல்லில் பழகாமல் நடுகல்லில் கை வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் துறையின் அனுமதியும் வேண்டும்.

யாரிடம் சொல்வது

ஊர், வட்டம், சர்வே எண், ஜிபிஎஸ் குறிப்பு, கல்லின் உயரம், அகலம், கனம், எந்தத் திசை நோக்கியது, ஊரார் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் ஆகிய விவரங்களோடு கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ எழுதி, ஒரு படியை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பைப் பார்த்தால், நீங்கள் கண்டது ஏற்கெனவே பதிவானதா என்பதும் தெரியலாம். ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று அறிவிக்கும்முன் செய்யவேண்டிய குறைந்தபட்ச வேலை அது.

கல்லின் அடியில் புதையல் இருக்கும் என்று இரவில் தோண்டிக் கவிழ்ப்பது இன்னும் நடக்கிறது. அடியில் இருப்பது வெறும் மண்தான். இனி ஒருவேளை மண்ணுக்குள் மதிப்புள்ள பொருள் எதுவும் கிடைத்தாலும், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த சிற்பம், கல்வெட்டு ஆகியவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. பண்ணைவீட்டு வாசலில் அழகுக்கு நிறுத்த என்று யாராவது நடுகல்லை விலைபேசி வந்தால், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே காவல்நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். முன்பே எடுத்த, தேதி பதிவான படம் உங்களிடம் இருந்தால், கல் வேறு ஊரில் பிடிபட்டாலும் எங்கிருந்து போனது என்று நிறுவ முடியும்.