சின்னக் கார் திணறுவது எதனால்? பெட்ரோலும் டயரும் போடும் கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் வரும் பங்க்குகளில் டிஎன் 31 எண் போட்ட கார்களைத் தாராளமாகப் பார்க்கலாம். அந்தப் பக்கம் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். கூடவே ஒரு பேச்சும் உண்டு. "பாண்டி பெட்ரோல் மைலேஜ் தராது" என்பார் ஒருவர், "இல்லப்பா, அதுலதான் வண்டி நல்லா இழுக்குது" என்பார் இன்னொருவர். எல்லைக்கு இரு புறமும் விற்பது ஒரே தர அளவுகோலுக்கு உட்பட்ட பெட்ரோல்தான். மாறுவது வரி. கார் இழுப்பதற்கும் திணறுவதற்கும் காரணத்தை வேறு இடங்களில் தேட வேண்டும்.

முதலில் அந்த ஒரு லிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சுத்தமான பெட்ரோல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கும். எத்தனாலில் 21 மெகாஜூல்தான், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பெட்ரோலில் 20% எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. அப்படிக் கலந்த லிட்டரில் 30 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே தேறும். சுத்தப் பெட்ரோலைவிட 6 முதல் 7% குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10% கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7% குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொன்னது. 20% கலவைக்கே சரிசெய்த புதிய கார்களில் இழப்பு 1 முதல் 2% தான். ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 17 கொடுக்கிறது என்றால், அதற்காகப் பங்க் பையனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வாங்கும் லிட்டரிலேயே ஆற்றல் குறைந்துவிட்டது.

பிரீமியம் பெட்ரோல் விஷயத்தில்தான் நம் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆக்டேன் எண் கூடினால் சக்தி கூடும் என்று நம்பித்தான் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். ஆக்டேன் எண் காட்டுவது சக்தியை அல்ல, பொறுமையை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் ஒரு மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடக் கூடாது. வெடித்தால் பானெட்டுக்குள் உலோகத்தைத் தட்டுவதுபோல் 'டக்டக்' என்று கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். கத்திரி வெயிலில் ஏசி ஓட, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, கியரை இறக்காமல் மேம்பாலம் ஏறினால் பழைய வண்டிகளில் இதைக் காதாலேயே கேட்கலாம். அந்த நேரத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனுக்குத் தரும் மதிப்பெண்தான் ஆக்டேன்.

சாதாரணப் பெட்ரோலுக்கென வடிவமைத்த சிறிய இன்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவையான அளவு கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுப்பது வீண். எத்தனாலின் ஆக்டேன் எண்ணே 100-க்கு மேல் என்பதால், 20% கலவையும் அந்த விதத்தில் முன்பைவிட மேலானதுதான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்ஜின் வைத்திருந்து, கையேட்டில் உயர் ஆக்டேன் கேட்டிருந்தால் போடுங்கள். மற்றவர்கள் அந்தக் காசை டயருக்காக எடுத்துவைக்கலாம்.

சிஎன்ஜி, அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு பற்றி ஒரு வார்த்தை: வாயு தன் பங்குக்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைகிறது. வேகன்ஆரின் 1 லிட்டர் இன்ஜின் பெட்ரோலில் ஏறத்தாழ 67 குதிரைத்திறன் தரும், சிஎன்ஜியில் 57. செலவு குறையும், பிக்கப்பும் குறையும். டிக்கியில் சாமான் வைக்கும் இடமும் குறையும்.

இனி டயர். இரவு நேரத்தில் புதுச்சேரியிலிருந்து கடலூர் வந்து இறங்கியதும் டயரின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் இல்லை, அப்படியானால் சூடு எங்கிருந்து வந்தது? டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே போகும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்க வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பகுதியைச் சூடாக்கிவிடுகிறது. கையில் தட்டும் அந்தச் சூடு நீங்கள் பங்க்கில் காசு கொடுத்து வாங்கியது.

ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சின்னக் காரை டயர்கள் பின்னிழுக்கும் விசை ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமம். வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை டயர் தடையில் பாதிதான். 55, 60-ஐத் தொடும்போது இரண்டும் சமமாகும். 80-இல் காற்றின் தடை டயருடையதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து போகிறவரைவிட, கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி நேரு வீதியிலும் ஊர்ந்து போகிறவருக்குத்தான் டயர் பெரிய விஷயம்.

காற்று இறங்கினால் டயர் அதிகம் நசுங்கும், தடையும் கூடும். காற்றில்லாத சைக்கிளை மிதித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று இருக்கும், பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ. வெகுதூரம் ஓட்டிவந்து பிடித்தால் சூட்டில் அளவு கூடித் தெரியும், காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பிடிப்பதே சரி. நைட்ரஜன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78% நைட்ரஜன்தான்.

பெரிய டயர் மாட்டும் ஆசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 145/80 ஆர்12 டயர் என்றால் அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80%, ரிம் 12 அங்குலம். அதன் விட்டம் 537 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 155/80 ஆர்13 மாட்டினால் 578 ஆகிவிடும், ஏறத்தாழ 8% கூடுதல். இன்ஜினின் சக்தி மாறாததால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை 7% குறைகிறது. 48 குதிரைத்திறன் காரில் அது உடனே தெரியும்: சிக்னலில் எடுக்கும்போது வண்டி யோசிக்கும். மீட்டரும் தப்பாகக் காட்டும், உண்மையில் 108 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் 100 என்றே சொல்லும். 'பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது' என்ற புலம்பலில் பாதி மீட்டர் விழுங்கிய கிலோமீட்டர்தான். அதே 13 அங்குல ரிம்மில் 155/65 மாட்டினால் விட்டம் 532, பழைய அளவுக்கு மிக அருகில். ரிம்மின் அளவு மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பக்கச் சுவரின் சதவீதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உருளும்போது தடை குறைந்த டயர் மைலேஜைக் கூட்டும், ஆனால் ஈரத்தில் வழுக்கக் கூடாது. ரப்பரில் சிலிக்கா சேர்ப்பது இந்த இரண்டையும் ஓரளவு ஒன்றாகத் தருகிறது. மிஷ்லின் 1992-இல் அப்படிப்பட்ட டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எந்த டயரானாலும் தண்ணீரை வெளியேற்றுவது அதன் பள்ளங்கள்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ச் சாலைகளில் தண்ணீர் தேங்கும்போது, பட்டன் தேய்ந்து பள்ளம் ஆழமிழந்த டயர் தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் ஏறிவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. காற்று குறைவாக இருந்தால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே நடக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கின்றன. டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது புதிய டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களையும் தேடிப் படியுங்கள்: 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.