மரத்தளப் பழுது: செலவு பலகைக்கு அடியில் இருக்கிறது

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய வீதிகளில், சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகள் சிலவற்றின் மாடி அறைகளில் இன்றும் தேக்குப் பலகைத் தளத்தைப் பார்க்கலாம். புதிதாக வீடு கட்டுவோரிலும் சிலர் படுக்கையறைக்கு மட்டும் மரத்தளம் போட்டுக்கொள்கிறார்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் இவ்விரு வகை வீடுகளிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: நான்கு பலகை வளைந்துவிட்டன, ஒரு மூலை கறுத்துவிட்டது, சரிசெய்ய எவ்வளவு ஆகும்? பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும் பழுதை ஒரு வீட்டில் ஆசாரி ஒரு நாள் கூலியில் முடித்துவிடுவார். இன்னொரு வீட்டில் அறை முழுவதையும் பெயர்த்தெடுக்க நேரும். ஈரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நாள் நின்றது, அடியில் எதைத் தொட்டது என்பவையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். சதுர அடிக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெட்டி, உலர்த்தி, இழைத்து, மெருகேற்றிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் வெளிவிட்டுக்கொண்டும் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரத்தினுள் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீத அளவுக்கு நீர் தங்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டினால் அது 15, 16 சதவீதம் வரை ஏறும். இந்த நீர் மரத்தின் செல் சுவர்களுக்குள் புகுந்து அவற்றைத் தடிக்கச் செய்கிறது. செல் சுவர்கள் முழுவதும் நனையும் எல்லை 28 முதல் 30 சதவீதம். அதற்கு மேல் ஏறும் நீர் செல்களின் உள்வெற்றிடத்தில் நிற்குமே தவிர, மரத்தை மேலும் வீங்க வைக்காது.

வீக்கம் எல்லாத் திசையிலும் சமமாக இருப்பதில்லை. பலகையின் நீளவாக்கில் அது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் வீக்கமோ, வளையங்களுக்குக் குறுக்கே ஏற்படுவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையப் போக்கில் தேக்கு 5.8 சதவீதம் சுருங்குகிறது. மேலை நாடுகளில் தளம் போடும் வெள்ளை ஓக் மரமோ 10 சதவீதத்துக்கும் மேல் சுருங்குகிறது. நம் கடலோரத்தில் தேக்குக்கு இருக்கும் மதிப்பு வெறும் பெருமைக்காக வந்ததல்ல. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால், அது அதிகபட்சம் 0.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். ஒரு பலகைக்கு இது அற்பம். ஆனால் 3 மீட்டர் அகல அறையில் முப்பது பலகைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவை அனைத்தும் விரிந்தால் மொத்தம் 23 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத தளம் மேல்நோக்கித்தான் எழும்ப வேண்டியிருக்கும்.

பலகையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாகி மேற்பக்கம் உலர்ந்திருந்தால், அடிப்பக்கம் விரிந்து ஓரங்கள் உயர்கின்றன. நடுப்பகுதி குழிந்து தெரிகிறது. இந்த நிலையில் அவசரப்பட்டு எந்திரம் வைத்து இழைத்துவிடுவதுதான் செலவை இரட்டிப்பாக்கும் முதல் காரியம். உயர்ந்திருந்த ஓரங்களைச் சீவிவிட்ட பிறகு, அடியிலுள்ள ஈரம் சில வாரங்களில் வடிந்து பலகை பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது ஓரம் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நிற்கும், மறுபடியும் இழைக்க வேண்டும். காத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே பலகை படிந்துவிடும். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பது கனத்தைப் பொறுத்தது: கனம் இரண்டு மடங்கானால் உலரும் காலம் நான்கு மடங்காகும் என்பது ஈரப்பரவலின் பொது இயல்பு.

ஈரம் வந்த வழியைக் கண்டறியாமல் போடப்படும் மதிப்பீடு வெறும் ஊகம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. அப்படிச் சன்னல் வழியே அடித்து, துடைத்தெடுக்கப்பட்ட மழைநீரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. குளியலறைக் குழாயிலிருந்து மாதக்கணக்கில் ஒரு சொட்டு ஒரு சொட்டாகக் கசியும் நீரே கேடு செய்வது. கீழ்த்தளத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடலை ஒட்டிய மண்ணில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்பதால், ஈரத்தடுப்பு இல்லாத பழைய அடித்தளத்தின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் பலகையை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. தளத்தைத் தூக்கி, பாலித்தீன் விரிப்போ வேறு ஈரத்தடுப்போ கொடுத்த பிறகுதான் மரவேலை நிலைக்கும்.

உப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடற்கரை ஊர்களில் பல மாதங்கள் அந்த அளவை எட்டும். ஆகையால் உப்பேறிய காரைச் சுவரை ஒட்டிய பலகைகள், கசிவு ஏதும் இல்லாமலே ஈரமாக இருப்பதுண்டு. ஊசி பதித்து ஈரம் பார்க்கும் கருவி மின்தடையை அளந்து கணக்கிடுவது. உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், உப்பேறிய மரத்தில் அது இருப்பதைவிட மிகுதியான ஈரத்தைக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி முழுத் தளத்தையும் மாற்றச் சொல்பவரிடம், அறையின் நடுவிலும் ஒருமுறை அளந்து காட்டச் சொல்வது நல்லது.

அடுத்து, கறுத்த இடம். ஆணித்தலையைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருந்தால், பெரும்பாலும் ஆணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறையாகவே அது இருக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்நாளில் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கச் செய்துவிடும், செலவும் சொற்பம். கறுத்த இடத்தில் கூர்மையான உளியையோ திருப்புளியையோ வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். முனை இறங்காமல் நின்றால் அது கறை. மெத்தென்று இறங்கி, நெம்பும்போது நார் நீளமாகக் கிளம்பாமல் சிறு துண்டாக மொட்டென்று ஒடிந்து வந்தால், பூஞ்சை மரத்தைத் தின்றுவிட்டது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் இந்தப் பூஞ்சை வளராது. எனவே அது கண்ணில் பட்டால், அந்த இடத்தில் நெடுநாள் நீர் நின்றிருக்கிறது என்று பொருள், பக்கத்துப் பலகைகளையும் சோதித்தாக வேண்டும்.

கரையான் விஷயத்தில் கண் ஏமாறும். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது முற்றிய உள்மரத்தை, கரையான் எளிதில் தொடாது. அதிலுள்ள வேதிப்பொருள்கள் அதற்கு ஒவ்வாதவை. ஆனால் பலகைக்கு அடியில் ரீப்பராக ஓடும் சட்டங்களுக்குச் செலவை மிச்சப்படுத்த மட்டமான மரத்தைப் போட்டிருப்பார்கள். மேலே தேக்கு பளபளவென்று இருக்க, கீழே சட்டம் மண்ணாகியிருக்கும். நடக்கும்போது பலகை அமுங்குகிறதா, தட்டினால் ஓசை மாறுகிறதா என்பவையே அடையாளம். இங்கே கூலியில் பெரும்பகுதி பலகைகளை உடையாமல் கழற்றுவதற்கே போகும். ஒன்றின் ஓரத்து நாக்கு அடுத்ததன் ஓரத்துக் காடிக்குள் (பள்ளத்துக்குள்) நுழையும்படி கோத்த பலகைகளில் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் உருவ முடியாது. அதை நீளவாக்கில் அறுத்துப் பிளந்து எடுக்க வேண்டும், புதிய பலகைக்குக் காடியின் கீழ் உதட்டைச் சீவிவிட்டு மேலிருந்து இறக்கி ஒட்ட வேண்டும். இரண்டு பலகை மாற்றுவதற்குச் சதுர அடிக்கு ஆகும் செலவு, அறை முழுவதும் மாற்றும் செலவைவிட அதிகமாக வருவது இதனால்தான். அதில் ஏமாற்று ஏதுமில்லை.

இழைப்பதா, மாற்றுவதா என்பதை மரத்தின் கனம் முடிவு செய்யும். 18 அல்லது 20 மில்லிமீட்டர் முழுமரப் பலகையில் நாக்குக்கு மேலே சுமார் 6 மில்லிமீட்டர் மரம் இருக்கும். ஒருமுறை முழுமையாகத் தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகும் என்பதால், அதன் வாழ்நாளில் பலமுறை புதுப்பிக்கலாம். ஒட்டுப்பலகையின் மேல் நல்ல மரத்தை மெல்லிதாக ஒட்டிய வகையில் அந்த மேலடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், எந்திரம் வைப்பது அபாயம். லேமினேட்டில் மேலே இருப்பது மரத்தின் அச்சுப்படம் மட்டுமே. அது ஊறி உப்பினால் அந்தத் துண்டை எடுத்தெறிவதைத் தவிர வழியில்லை.

மேற்பூச்சும் செலவை ஆட்டிவைக்கிறது. ஆசாரிகள் ஸ்பிரிட் பாலிஷ் என்று சொல்லும் அரக்குப் பூச்சு, சாராயம் ஆவியானதும் படியும் படலம். மேலே புதிதாகப் பூசினால் பழைய படலமும் கரைந்து ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு முழ இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்யலாம். பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சின் மூலக்கூறுகள் இறுகும்போது வலைபோல் பிணைந்துவிடுவதால் பிறகு எதிலும் கரையாது; ஒட்டுப் போட்டால் விளிம்பு தெரியும், பெரும்பாலும் அறை முழுவதும் தேய்த்துப் பூச நேரும். தண்ணீரைத் தாங்குவதில் பி.யூ. பல படி மேல். என்னைக் கேட்டால், நடமாட்டம் குறைந்த பழைய மாடி அறைக்கு அரக்கையே சொல்வேன்.

நிறமும் ரேகையும் பொருந்தும் மரம் தேடுவது இன்னொரு செலவு. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பதில் கணிசமான பகுதி ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டங்களில் விரைவாக வளர்க்கப்பட்ட தேக்கு. அதில் வளையங்கள் அகலம், வெளிறிய பகுதி அதிகம். நூறாண்டுத் தளத்தின் நடுவில் அதைப் பதித்தால் தனித்துத் தெரியும். இடித்த வீடுகளின் பழைய உத்திரத்தை வாங்கி அறுத்துக்கொள்வதே பொருத்தமாக அமையும். அதில் மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கும் கூலியும், வாள் பல் போகும் சேதமும் விலையோடு சேரும்.

மழை மாதங்களில் பூச்சு வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. சாராயம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, அரக்குப் படலம் வெண்மையாக மங்கிவிடும். மாசி, பங்குனியில் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் அப்போது உலர்ந்திருக்கும் பலகைகள் பின்னர் விரிவதற்கு இடம் வேண்டும். அதற்காகச் சுவரோரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங் பலகையால் மறைப்பார்கள். வேலை முடிந்த கையோடு யாராவது அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால், அடுத்த கார்த்திகையில் தளம் அறையின் நடுவில் எழும்பும், கூலியை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.