அளவும் இல்லை, நீட்சியும் இல்லை: 'டியூரேஷன்' தமிழில் என்ன?

"கால அளவு என்பது அளக்க முடியாதது."

போன மாதம் காரைக்குடியில் நண்பர்கள் கூடிப் படித்த ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இந்த வரி வந்தது. வாசித்தவர் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்? அளக்க முடியாதது என்றால் அதற்கு அளவு என்று ஏன் பேர் வைக்க வேண்டும்? கட்டுரை பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சனைப் பற்றியது. அவர் தெளிவாகத்தான் சொன்னார். கோளாறு முழுக்க நம் சொல்லில்.

மூலம் பிரெஞ்சில் 'த்யூரே', ஆங்கிலத்தில் 'டியூரேஷன்'. இரண்டும் லத்தீன் 'தூராரே' வழி வந்தவை. இறுகுதல், நிலைத்திருத்தல் என்று அதற்குப் பொருள். அளவு என்ற எண்ணமே அதில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவும் இதை இருப்பின் வரையறையற்ற தொடர்ச்சி என்றார். காலம் என்பது அதை அளக்க மனம் வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று தனியே பிரித்தார். 1889-ல் பெர்க்சன் இன்னும் அழுத்திச் சொன்னார். கடிகாரம் காட்டுவது பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்த நிமிடங்களை. மனம் உணர்வது வேறு. ஒரு மெட்டில் முந்தைய ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்குள் கலந்து நிற்பதுபோல, கடந்துபோனது இப்போதைக்குள் சேர்ந்துகொண்டே வருவது அது.

1907-ல் வந்த அவருடைய புத்தகத்தில் சர்க்கரைத் தண்ணீர் உதாரணம் வருகிறது: எனக்கு என்ன அவசரம் இருந்தாலும் சர்க்கரை கரையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கவுனி அரிசியைச் சொன்னால் போதும். ராத்திரியே ஊறப்போட்டதுதான். ஆனாலும் விருந்தாளி இலைமுன் உட்கார்ந்த பிறகு, ஒரு பருக்கையைக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, இன்னும் வேகவில்லையே என்று அடுப்படியில் நிற்கிறோம். எத்தனை விசில் என்பது கால அளவு. அந்த நிற்பு கால அளவு இல்லை.

வள்ளுவருக்கு இது தெரியும். "ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார் வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு" என்றார். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனது மூன்று வருஷக் கணக்குக்கு. பேரேட்டில் அது மூன்று வருஷம்தான். அப்பத்தா அதைச் சொல்லும்போது, "வருசம் மூணுதான், நாள்தான் போவேனான்னுச்சு" என்பார். பெர்க்சன் பேசியது அப்பத்தாவின் அந்த நாளைப் பற்றி.

சரி, கால அளவு வேண்டாம் என்றதும் பலர் 'கால நீட்சி'க்குத் தாவுகிறார்கள். எனக்கு இதன்மேல்தான் அதிக வருத்தம். கால அளவு வெறும் கவனக்குறைவு. நீட்சி, யோசித்துச் செய்த தப்பு. நீட்சி 'நீள்' என்பதிலிருந்து வருவது. கயிறு நீளும், நிழல் நீளும், வரிசை நீளும். கேட்டவுடனே கண்முன் ஒரு கோடு விரிகிறது. காலத்தை இப்படிக் கோடாக இழுத்து வைக்காதே என்றுதானே பெர்க்சன் வாழ்நாள் முழுக்க வாதாடினார்? பொருள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் தன்மைக்குத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் சொன்ன 'எக்ஸ்டென்ஷன்' இருக்கிறதே, நீட்சி அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பெர்க்சன் பிரித்துக் காட்டியதை நாமே ஒட்டிவிடுகிறோம். முன்னால் 'கால' என்று சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. காலத்தில் ஒரு கோடு என்றுதான் அப்போதும் காதில் விழும்.

என் சொல் 'நீடிப்பு'. நான் உண்டாக்கியது இல்லை. மழை நீடிக்கிறது, காய்ச்சல் நீடிக்கிறது, மௌனம் நீடித்தது என்று தினமும் சொல்கிறோம். மழை நீள்கிறது என்று யாரும் சொல்வதில்லை. "நிலமிசை நீடுவாழ் வார்" என்ற குறளிலும் 'நீடு' காலத்தைத்தான் சொல்கிறது. நீள், நீடு இரண்டும் உறவுச் சொற்கள் என்பது உண்மை. ஆனால் வழக்கு அவற்றை இடத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என்று ஏறக்குறையப் பிரித்து வைத்திருக்கிறது. மொழி தானாகச் செய்து தந்த இந்த வசதியைப் புதுச்சொல் ஆக்குகிறவர்கள் ஏன் தொட்டுப் பார்ப்பதில்லை?

பதவி நீட்டிப்பு, கெடு நீட்டிப்போடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நீட்டிப்பது இன்னொருவர் செய்வது. நீடிப்பது தானாக நிகழ்வது. அந்த ஒரு எழுத்தைப் பத்திரிகைகளே இப்போது கவனிப்பதில்லை. பதவி நீடிப்பு என்றும் அச்சாகிறது. அதற்காக நல்ல சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது.

இது தூய தமிழ்ப் பிடிவாதம் இல்லை. கால அளவிலும் நீட்சியிலும் தமிழுக்கு என்ன குறை? இங்கே வேண்டியது தெளிவு. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதால், படிக்கிறவர்கள் தங்களுக்குத்தான் தத்துவம் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி அப்படித்தான் நினைத்து, பேசாமல் இருந்தார்.

மாத்திரை சாப்பிடும் நாட்களுக்கும், பாட்டு ஓடும் நிமிடங்களுக்கும், மண்டப வாடகைக்கும் கால அளவு என்றே எழுதலாம். அந்த வரியை மட்டும், "நீடிப்பு அளக்க முடியாதது" என்று திருத்தி அடுத்த வாரம் அந்த மாணவியையே வாசிக்கச் சொல்லப் போகிறேன்.