மாத்திரைக்கு அடங்காத படர்தாமரை: புதிய பூஞ்சையை எப்படி இனம் காண்பது?

தொடை இடுக்கில் தொடங்கி இடுப்பு, பிட்டம், சிலருக்கு முகம் வரை வளையம் வளையமாகப் பரவுகிறது. டெர்பினஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்கவில்லை. இப்படி வருபவரிடம் தோல் மருத்துவர்கள் இன்று சந்தேகிப்பது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சையை. இந்திய, நேபாள நோயாளிகளின் தோலில் கிடைத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள். 2023-ல் நியூயார்க்கிலும் பதிவானது.

கண்டுபிடிப்பதில் பாதி வேலை மாதிரி எடுப்பதிலேயே முடிந்துவிடும். கெடுவதும் அங்கேதான். பூஞ்சைக் கிரீமை ஓரிரு வாரம் நிறுத்திய பிறகு எடுப்பது நல்லது. 70% ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மழுங்கிய பிளேடால் வளையத்தின் செதில் விளிம்பைச் சுரண்ட வேண்டும். நடுப்பகுதியில் பூஞ்சை குறைவு. அங்கே சுரண்டினால் 'இல்லை' என்று முடிவு வரும். செதிலைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து, அறை வெப்பத்திலேயே அனுப்பலாம். காற்றுப்புகாத ஈரமான டப்பாவில் போட்டால் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

10 முதல் 20% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செதில் கரைந்ததும், நுண்ணோக்கியில் குறுக்குச் சுவருடன் கிளைவிடும் இழைகள் தெரியும். துணி நூலையும் செல் ஓரங்களையும் இழை என்று எண்ணி ஏமாறுவது உண்டு. இந்தச் சோதனை பூஞ்சை இருப்பதை மட்டுமே சொல்லும். எந்த இனம் என்று சொல்லாது.

அடுத்து வளர்ப்பு. பாக்டீரியாவையும் வேறு பூஞ்சைகளையும் தடுக்கும் குளோராம்பெனிகால், சைக்ளோஹெக்சிமைடு மருந்துகள் கலந்த சபரோ என்ற பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில், 25 முதல் 30 டிகிரி செல்சியஸில், நான்கு வாரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். வெள்ளையாக, மாவு தூவியதுபோல் வளரும். சிக்கல் இங்கேதான்: மென்டாக்ரோஃபைட்டிஸ், இன்டர்டிஜிட்டாலே என்ற நெருங்கிய உறவினங்களுக்கும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். பார்வையை நம்பி எழுதும் ரிப்போர்ட்டில் இந்தப் பழைய பெயர்களில் ஒன்றே வரும். ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் பகுதியின் டிஎன்ஏ வரிசையைப் படித்தால்தான் இனம் உறுதியாகும். ஒப்பிடும் தரவுத்தளம் பழையதாக இருந்தால் அங்கேயும் தவறு நேரும்.

இனப்பெயர் தெரிந்தாலும் மருந்து கேட்குமா என்பது தனிக் கேள்வி. டெர்பினஃபைன், பூஞ்சையின் செல் சவ்வை உருவாக்க உதவும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியைத் தடுத்தே பூஞ்சையைக் கொல்கிறது. அந்த நொதியின் 393 அல்லது 397-ஆம் அமினோ அமிலம் மாறிவிட்டால் மருந்து அதில் சரியாக ஒட்டாது. இண்டோடினியே எல்லாவற்றிலும் இந்த மாற்றம் இருப்பதில்லை. அதனால் மருந்து உணர்திறன் சோதனையோ இந்த மரபணுச் சோதனையோ தேவை.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்தான் தோல் மருத்துவர்களான எங்களுக்குப் பெரிய கவலை. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், வளைய விளிம்பும் அழியும். உள்ளே பூஞ்சை மண்டும், தோல் மெலிந்து வரிவரியாகும். டியூபில் குளோபெடசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டியூபை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டெர்பினஃபைன் கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்தைத் தருகிறோம். வழக்கமான கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் அன்றே அழைத்து வாருங்கள்.