மந்தநிலை முடிந்துவிட்டதாம், வேலை எங்கே?

வேலை போன பிறகு ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ரெஸ்யூமே பற்றி அல்ல. "பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஒரு அழைப்பும் வரவில்லை?" என்பதுதான். கேட்கிற தொனியிலேயே தெரியும், குறை தன்னிடம்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். வேலை தேடுவோருக்கு வழிகாட்டுவது என் தொழில், பொருளாதாரப் பாடம் நடத்துவது அல்ல. ஆனாலும் இந்த ஒரு விஷயம் புரியாமல் ரெஸ்யூமேயை எத்தனை முறை திருத்தினாலும் பெரிய பயன் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மந்தநிலை முடிந்தது என்று நிபுணர்கள் குறிப்பது, பொருளாதாரம் மேலும் சரிவது நின்றுபோன மாதத்தை. அவ்வளவுதான். பழைய நிலை திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம், அங்கேதான் கணக்குகள் தெளிவாகக் கிடைக்கின்றன. வீட்டுக்கடன் நெருக்கடியோடு வந்த மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தது என்று, இதற்குத் தேதி குறிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வு மையம் பின்னாளில் அறிவித்தது. ஆனால் வேலையின்மை விகிதம் 10 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது அதற்கு நான்கு மாதம் கழித்து, 2009 அக்டோபரில். வேலைகளின் எண்ணிக்கை 2010 தொடக்கம் வரை குறைந்துகொண்டேதான் இருந்தது. மொத்தம் ஏறக்குறைய 87 லட்சம் வேலைகள் போயின, பழைய எண்ணிக்கை திரும்ப 2014 ஆகிவிட்டது. அதற்குள் மக்கள்தொகையும் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? நிறுவனங்கள் நடந்துகொள்ளும் விதம் அப்படி. ஆர்டர் திரும்பி வரத் தொடங்கியதும் யாரும் உடனே புது ஆள் எடுப்பதில்லை. முதலில் இருக்கிற ஆட்களுக்கு வேலை நேரம் கூடும், பிறகு ஓவர்டைம், அதற்கும் பிறகு ஏஜென்சி மூலம் தற்காலிக ஆட்கள். இந்த ஆர்டர் நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் நிரந்தர வேலைக்கு விளம்பரம். நேர்காணல் நடத்தும் ஹெச்.ஆர். நண்பர்களிடம் பேசினால் இதை மறைக்காமலே சொல்வார்கள்.

இந்த இடைவெளியில் நடக்கிற சேதம்தான் என்னைக் கவலைப்பட வைப்பது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் 27 வாரங்களோ அதற்கு மேலோ வேலையின்றி இருந்தவர்கள். இவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேலையில்லாத காலம் மட்டும் மாறுபடும்படி போலி ரெஸ்யூமேக்களைத் தயாரித்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில், முதல் எட்டு மாதங்களில் அழைப்பு வரும் வாய்ப்பு வேகமாக விழுவது தெரியவந்தது. திறமை அதே திறமை, படிப்பு அதே படிப்பு, நடுவில் இருக்கிற வெற்றிடம்தான் நீண்டுகொண்டே போகிறது. என்னிடம் வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன். முதல் மூன்று மாதம் தெம்பாக இருப்பார்கள். ஆறு மாதம் தாண்டியவர் நேர்காணலில் தன் பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது கூட மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசத் தொடங்கிவிடுவார். நாள் ஆக ஆக, மந்தநிலை என்ற தற்காலிகப் பிரச்சினை அந்த மனிதருடைய நிரந்தரப் பிரச்சினையாகிவிடுகிறது.

அதனால் அரசாங்கம் வேலை உருவாக்குகிறது என்று அறிவித்தால் நான் தொகையை முதலில் பார்ப்பதில்லை. முதல் சம்பளம் ஒருவர் கையில் போய்ச் சேர எத்தனை மாதம் ஆகும் என்று பார்க்கிறேன். கூடவே, அது யார் கை என்றும்.

1933இல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்ததும் பொதுப்பணி நிர்வாகம் என்ற அமைப்புக்கு 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது, அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் பணம். அதன் பொறுப்பு ஹெரால்ட் இக்கீஸ் கையில். மனிதர் நேர்மையானவர், ஒரு பைசா வீணாகக்கூடாது என்று ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் குடைந்து குடைந்து பார்ப்பார். விளைவு, குளிர்காலம் வந்தும் பணம் களத்தில் இறங்கவில்லை. அப்போது ரூஸ்வெல்ட்டின் நிவாரணப் பணிகளைக் கவனித்துவந்த ஹாரி ஹாப்கின்ஸ், அதிலிருந்தே 40 கோடி டாலரை எடுத்துத் தரச் சொல்லி நவம்பரில் சிவில் பணி நிர்வாகம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லை, அரசே நேரடியாகச் சம்பளம் கொடுத்தது. ஜனவரிக்குள் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையில் இருந்தார்கள். சாலை, பள்ளிக்கூடப் பழுதுபார்ப்பு, விளையாட்டு மைதானம் என்று இப்படியான வேலைகள். இலை கூட்டுவதற்குச் சம்பளமா என்று கேலியும் நிறைய நடந்தது. செலவு கூடிப்போகிறது என்று ரூஸ்வெல்ட்டே அடுத்த வசந்தத்தில் அதை மூடிவிட்டார்.

இதில் ஹாப்கின்ஸ் நல்லவர், இக்கீஸ் கெட்டவர் என்று முடிவுகட்ட வேண்டாம். கிராண்ட் கூலி அணை, நியூயார்க்கின் லிங்கன் சுரங்கப்பாதை எல்லாம் இக்கீஸின் பணத்தில் எழுந்தவை, இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அணை கட்டுவது நல்லதுதான். ஆனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவரிடம் அணைத் திட்டத்தைக் காட்டி உனக்கு வேலை தயார் என்று சொல்லக்கூடாது. வரைபடம், நில ஆர்ஜிதம், டெண்டர், வழக்கு என்று அதற்கென்று ஒரு வேகம் உண்டு, எந்தத் தலைவர் வந்தாலும் அது மாறாது. பெரும்பாலான அறிவிப்புகளில் நடக்கிற கோளாறு உடனே கிடைக்கும் வேலையையும் இப்படி வருடக்கணக்கில் இழுக்கும் திட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரே எண்ணாகச் சொல்வதுதான்.

2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டத்தையும் மண்வெட்டியை எடுத்தால் போதும், வேலை தொடங்கிவிடும் என்கிற மாதிரிதான் விற்றார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வேலைகள் தயாராக இல்லை என்று ஒபாமாவே பின்னால் ஒப்புக்கொண்டார். உண்மையில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி சாலைக்கும் பாலத்துக்கும் போகவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகை. பிறகு மாநில அரசுகளுக்கு உதவி, வேலையில்லாதோருக்கான உதவித்தொகை நீட்டிப்பு.

மாநிலங்களுக்குக் கொடுத்த அந்த உதவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்க மாநிலங்கள் அநேகமாக எல்லாமே வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும் என்ற விதிக்குள் இருப்பவை. மந்தநிலையில் வரி வருவாய் விழுந்தால் ஆசிரியரையும் தீயணைப்பு வீரரையும்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மத்திய அரசின் பணம் அதைக் கொஞ்சம் தடுத்தது. தடுக்கப்பட்ட வேலைநீக்கத்துக்கு நாடா வெட்டும் விழா கிடையாது, புகைப்படமும் கிடையாது, அதனால் வாக்காளருக்கும் தெரியாது. அந்த உதவி தீர்ந்த பிறகு மாநில, உள்ளாட்சி அமைப்புகள் ஆட்குறைப்பைத் தொடர்ந்தன, சில வருடங்களில் 5 லட்சத்துக்கு மேல் வேலைகள் போயின. ஒரு கையால் வேலை உருவாக்கி இன்னொரு கையால் பறித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெர்மனி அதே நெருக்கடியில் வேறு வழியில் போனது. குறைந்த வேலைநேரத் திட்டம் என்று அங்கே பல காலமாக ஒன்று உண்டு. நிறுவனம் ஆளை நீக்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால், இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசின் வேலைவாய்ப்பு அமைப்பு கொடுக்கும். 2009இல் உச்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். அந்த வருடம் ஜெர்மனியின் உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் விழுந்தும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு, உண்மையிலேயே எதிர்காலம் இல்லாத தொழிலில் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பதாகவும் ஆகிவிடலாம். ஆனாலும் ரெஸ்யூமேயில் வெற்றிடமே விழாமல் பார்த்துக்கொள்கிற திட்டம் என்பதால் என் தொழிலிலிருந்து பார்க்கும்போது எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது எண்களைப் பற்றி. ஒரு வேலைக்கு இத்தனை லட்சம் டாலர் செலவு என்று மொத்தத் தொகையை வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லும் கணக்கு ஒவ்வொரு முறையும் கிளம்பும். பணம் பல வருடங்களில் செலவாகிறது, வேலைகளின் எண்ணிக்கையோ ஒரு குறிப்பிட்ட காலாண்டுக்கானது, தவிர அந்தப் பணத்தில் சிமெண்ட்டும் இயந்திரமும் வரிச்சலுகையும் சேர்ந்தே இருக்கிறது. அந்த வகுத்தல் எதையும் சொல்வதில்லை. திட்டத்தை ஆதரித்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. திட்டம் வந்தால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று 2009 ஜனவரியில் ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர்கள் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். கணிப்பு தவறியதற்குக் காரணம் திட்டம் தோற்றது மட்டும்தான் என்று சொல்ல முடியாது, பள்ளத்தின் ஆழமே அப்போது தெரியவில்லை. 2008 கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியதாக முதலில் சொன்னார்கள், பின்னாளில் திருத்தியபோது அது 8 சதவீதத்துக்கும் மேல் போனது. நாடாளுமன்றத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லும் பட்ஜெட் அலுவலகம், 2010 இரண்டாம் காலாண்டில் இந்தத் திட்டத்தால் கூடுதலாக வேலையில் இருந்தவர்கள் 14 லட்சத்திலிருந்து 33 லட்சம் வரை இருக்கலாம் என்றது. இவ்வளவு அகலமான வரம்பாகச் சொல்வதுதான் நேர்மையான கணக்கு. "சரியாக இத்தனை லட்சம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

யாரை வேலையில் இருப்பவராக எண்ணுகிறோம் என்பதிலும் விளையாட்டு இருக்கிறது. ரூஸ்வெல்ட் காலத்தில் 1935 முதல் 1943 வரை நடந்த, அரசே ஆள் எடுத்துச் சம்பளம் கொடுத்த டபிள்யூ.பி.ஏ. என்ற திட்டத்தில் 85 லட்சம் பேர் வேலை செய்தார்கள். ஆனால் நெடுங்காலம் பயன்பட்ட புள்ளிவிவர வரிசையில் அவர்கள் வேலையற்றோர் பட்டியலில் இருந்தார்கள்! அவர்களையும் வேலையில் இருப்பவர்களாகச் சேர்த்தால் 1936ஆம் ஆண்டின் வேலையின்மை 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆகிறது. காலையில் எழுந்து போய் பாலம் கட்டிவிட்டுச் சம்பளம் வாங்கி வந்தவரை வேலையில்லாதவர் என்று எழுதிவைத்துவிட்டு, அரசின் திட்டத்தால் வேலையின்மை குறையவில்லை என்று வாதாடியவர்களும் உண்டு.

அப்புறம், எப்போது நிறுத்துவது என்ற கேள்வி. 1937இல் நிலைமை தேறிவிட்டது என்று நினைத்து ரூஸ்வெல்ட் அரசு செலவைக் குறைத்தது, அதே சமயம் சமூகப் பாதுகாப்புக்கான புது வரியும் பிடிக்கத் தொடங்கினார்கள், மத்திய வங்கியோ வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இருப்பை இரண்டு மடங்காக்கியது. எல்லாம் ஒரே நேரத்தில். 14 சதவீத அளவுக்கு இறங்கியிருந்த வேலையின்மை, 1938இல் 19 சதவீதத்துக்கு ஏறியது (இது அந்தப் பழைய வரிசையின் கணக்கு). 2010 செப்டம்பரில் நடந்தது இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நிறுவனங்கள் ஆள் எடுத்தால் சம்பளத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசு ஏற்கும் திட்டத்தில் சுமார் 2.6 லட்சம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது, பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பத்தினர். வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல் இருந்தபோதே அதற்கான நிதி நீட்டிக்கப்படாமல் முடிந்துபோனது.

இதைப் படிக்கிறவர் வேலை தேடிக்கொண்டிருந்தால், இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? முதலாவதாக, அழைப்பு வராததற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை, அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள். அறிவிப்பு வந்தால் தொகையை விட்டுவிட்டு ஆள் எடுக்கப் போவது யார் என்று தேடுங்கள்: அரசுத் துறையா, ஒப்பந்தக்காரரா, மானியம் வாங்கும் தனியார் நிறுவனமா? ஒப்பந்தக்காரர் என்றால் டெண்டர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் அந்த வேலையை நம்பிக் காத்திருக்காதீர்கள். பழைய சம்பளத்துக்கும் பதவிக்கும் குறைவு என்று ஆறு மாத அரசு ஒப்பந்த வேலையைத் தட்டிக்கழிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். சம்பளம் வாழவே போதாது என்றால் சரி, வேண்டாம். கௌரவம் மட்டும்தான் தடை என்றால் நான் எடுத்துக்கொள்ளத்தான் சொல்வேன், அந்த எட்டு மாதக் கணக்கை நினைத்து.

எடுத்தால், அதை ரெஸ்யூமேயில் ஒளிக்காமல் எழுதுங்கள், என்ன செய்தீர்கள், எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எந்தக் கருவியைக் கையாண்டீர்கள் என்று, மற்ற வேலைகளை எழுதுவது போலவே. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். அனுபவச் சான்றிதழையும் வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், இந்த மாதிரித் தற்காலிகத் திட்ட அலுவலகங்களை மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.